ஒரே ஆட்டுக்கு இரண்டு பதில்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். மைக் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுதித் தருகிறேன், யாராவது படியுங்கள் என்றேன். வாழ்த்தும் பாராட்டும் மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள். நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். எண்பதுகளின் கடைசியில் நடந்தது, இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை.

பென்னாகரத்துக்கு அந்தாண்டை, ஒகேனக்கல் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, நம் ஆராய்ச்சிக்கு ஒரு சின்ன நிலையம் இருந்தது. ஓட்டுக் கட்டடத்தில் ஒரு லேப், மாட்டு டாக்டருக்குப் படித்த ஆபீசருக்கு ஒரு ரூம், பின்னால் ஆட்டுக் கொட்டகை. கொட்டகை கூட்டுவதும், கண்ணாடிச் சாமான் கழுவுவதும், ரத்தம் எடுக்கும்போது ஆட்டைப் பிடித்துக்கொள்வதும் என் வேலை. தினக்கூலி.

எந்த நோய்க்காக என்று உங்களுக்குத் தெரியும். ஆடும் மாடும் மாசம் நிறைவதற்கு முன்னால் குட்டியை வீசிவிடும். அந்தக் குட்டியைத் தொட்டவர்களுக்கும், நஞ்சுக்கொடியை அள்ளினவர்களுக்கும், பச்சைப்பால் குடித்தவர்களுக்கும் காய்ச்சல் வரும். சாயங்காலம் ஏறும், விடியலில் வேர்த்துக் கொட்டி இறங்கும், மூட்டெல்லாம் கழன்றுபோகும். புரூசெல்லோசிஸ் என்று பேர். அந்தப் பேரைச் சொல்லப் பழக நான் பட்ட பாட்டைப் பின்னால் சொல்கிறேன்.

அதற்குப் பழைய ஊசி ஒன்று இருந்தது. அதில் கிருமியையே பலம் குறைத்துப் போடுவார்கள். நாம் பரீட்சை பார்த்த புது ஊசியில் கிருமியே கிடையாது. அதன் உடம்பில் இருக்கிற ஒரே ஒரு புரதத்தை, வேறொரு சாதுவான கிருமிக்குள் வளர்த்து, பிரித்து எடுத்தது. இதை எனக்குப் புரியவைத்தவர் லேப் டெக்னீசியன். தர்மபுரிக்காரர், துணிக்கடைக் குடும்பம், என்னைவிட வயதில் சின்னவர். எல்லோரும் பாய் என்றே கூப்பிட்டோம். அவர் பேரை எழுத வேண்டாம் என்று அவரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார், அதனால் எழுதவில்லை.

"யக்கா, பழைய ஊசி திருடனையே கையைக் கட்டி நாய் முன்னாடி நிறுத்தற மாதிரி. நம்ம ஊசி அவன் சட்டையை மட்டும் மோப்பம் காட்டுறது. அடையாளம் புடிக்க நாய்க்கு அது போதும்" என்றார்.

"சட்டையை வேற ஒருத்தன் போட்டுக்கினு வந்தா?" என்று கேட்டேன். வேலை நடக்கும்போது எனக்குப் பேச்சு வரும்.

"அப்ப அவனுக்குக் கடி. நமக்கென்ன" என்று சிரித்தார்.

சுற்றுப்பட்ட ஊர்களில் வெள்ளாடு வளர்ப்பவர்களிடம் கேட்டு அவர்கள் ஆடுகளுக்கே ஊசி போட்டோம். பாதிக்கு மருந்து, பாதிக்கு வெறும் உப்புத்தண்ணீர். அப்போதுதான் மருந்து வேலை செய்கிறதா என்று தெரியும். அதில் தப்பில்லை. தப்பு எங்கே என்றால், பாதிக்கு உப்புத்தண்ணீர் என்கிற விஷயத்தை ஆட்டுக்காரர்களிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னால் ஆட்டைத் தர மாட்டார்கள் என்று ஆபீசர் நினைத்தார்.

எது எந்த ஆடு என்று பார்த்ததும் தெரிய வேண்டும். காதில் தோடு மாட்டலாம் என்றால் ஜனங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சாமிக்கு நேர்ந்துவிடும் ஆட்டுக்கு உடம்பில் குறை இருக்கக் கூடாது, காதில் ஓட்டை போட்டால் அது குறைதான். சரி என்று மருந்து போட்டதுக்குப் பச்சைக் கயிறு, உப்புத்தண்ணீர் போட்டதுக்கு மஞ்சள் கயிறு, கழுத்தில் கட்டினோம். நோட்டில் எந்த வூட்டில் எத்தனை பச்சை, எத்தனை மஞ்சள் என்று மட்டும் எழுதினோம். நல்ல நைலான் கயிறு, இரண்டு வருஷம் தாங்கும் என்று ஆபீசர் சொன்னார்.

தாங்கியிருக்கும். நடுவில் மாட்டுப் பொங்கல் வந்தது.

எங்கள் பக்கம் மாட்டுப் பொங்கல் அன்று எந்த வூட்டிலும் பழைய கயிறு ஆடு மாட்டின் கழுத்தில் இருக்காது. குளிப்பாட்டி, பொட்டு வைத்து, புதுக்கயிறு கட்டுவோம். பழையதைத் தூக்கி எறிந்துவிடுவோம். பொங்கல் முடிந்து நாங்கள் ஊருக்குள் போனபோது ஆடுகள் எல்லாம் காரிமங்கலம் சந்தையில் வாங்கின சிவப்புக் கயிற்றோடு அழகாக நின்றன. ஆபீசர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"உன் ஆட்டுல எது பச்சை, எது மஞ்சள்? ஞாபகப்படுத்திச் சொல்லு" என்று மாதம்மாவைக் கேட்டார்.

மாதம்மா என்பவள்தான் இந்தக் கதைக்கு உரியவள். காட்டோரம் வூடு. புருஷன் பெங்களூரில் கட்டட வேலை. பத்துப் பன்னிரண்டு வெள்ளாட்டோடு அவள் தனியாகக் காலம் தள்ளினாள். வாய் நீளம்.

"ஏன் சார், இது கறுப்பி, இது சூடாமணி, இது வெள்ளைக்காது. ஒவ்வொண்ணுக்கும் அம்மா யாரு, ஆயா யாருன்னு கேளுங்க, சொல்றன். கயிறு உங்களுது. அதை நான் எதுக்குப் பாக்கறன்?" என்றாள்.

ஆபீசர் திட்டிக்கொண்டே ஜீப்பில் ஏறினார். பாய்தான் வழி சொன்னார். மருந்து ஏறின ஆட்டின் ரத்தத்தில் அந்த ஒற்றைப் புரதத்துக்கு எதிர்ப்பு இருக்கும், உப்புத்தண்ணீர் ஆட்டில் இருக்காது. எல்லா ஆட்டுக்கும் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தால் பிரித்துவிடலாம். ஆனால் ஒரு ஆட்டுக்கு நிஜமாகவே நோய் வந்துவிட்டால் பிரிக்க முடியாது. முழுக் கிருமியும் உள்ளே வந்த பிறகு, சட்டையை முன்னாலேயே பார்த்ததா, இப்போதுதான் பார்த்ததா என்று ரத்தம் சொல்லாது. அதனால் சீக்கிரம் எடுக்கணும் சார் என்று பாய் சொன்னார். ஆபீசர் மேலிடத்துக்குத் தெரியாமல் இதை எப்படி முடிப்பது என்று யோசித்துக்கொண்டே நாளைக் கடத்தினார்.

மாசி பிறந்தது. ஒரு காலையில் மாதம்மா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்தாள். கூடைக்குள் சாக்கில் சுற்றின செத்த குட்டி. வெள்ளைக்காது வீசிவிட்டது.

ஆபீசர் வராந்தாவில் இருந்து கீழே இறங்கவில்லை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"உசிரு இருக்குமோன்னு மூக்குல ஊதிப் பாத்தன் சார். வாயை வெச்சு உறிஞ்சிக்கூடத் துப்பினன். அசையல" என்றாள் மாதம்மா. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இது அந்த நோவுங்களா? மனுசாளுக்கு வரும்னீங்களே. எனக்கு இப்ப அஞ்சு மாசங்க" என்றாள்.

கன்னிப் பெண்ணாக இருந்தபோதிருந்து அவளைப் பார்க்கிறேன், அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"உன் ஆடு ஊசி போட்ட ஆடும்மா. அதுக்கு அந்த நோய் வராது. எதையாவது தின்னிருக்கும். பயப்படாம வூட்டுக்குப் போ" என்றார் ஆபீசர்.

"மெய்யாலுமா சார்?"

"நான் டாக்டரா, நீ டாக்டரா?"

அவள் சிரித்துவிட்டாள். கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு எரிகிறது.

குட்டியைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தது நான். கையுறை கேட்டேன். பெட்டி பூட்டியிருக்கிறது, இன்ஸ்பெக்ஷனுக்கு வேண்டும் என்றார்கள். பாய் தன் கையுறையைக் கழற்றித் தந்தார். உங்களுக்கு இன்றைக்குப் பெட்டி பெட்டியாக வருகிறது. வந்ததைப் பூட்டி வைப்பவன் உங்களுக்கு மேலே வந்து உட்கார்ந்தால், சாவியைக் கேளுங்கள். பணிவாகக் கேட்க வேண்டாம்.

பாய் அன்றே போய் வெள்ளைக்காதின் ரத்தத்தை எடுத்துவந்து வெள்ளைத் தகட்டில் ஒரு சொட்டு விட்டு, ரோஸ் நிற மருந்தைச் சேர்த்து ஆட்டினார். திரிந்த பால் மாதிரி பொரிப்பொரியாக ஆனது. நோய் என்று அர்த்தம். தகட்டை எடுத்துக்கொண்டு ஆபீசர் ரூமுக்குப் போனார். நான் வாசலில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஊசி போட்டா பாசிட்டிவ் காட்டத்தான்யா செய்யும்" என்றார் ஆபீசர்.

"பழைய ஊசின்னா காட்டும் சார். அதனாலதான் நோய் வந்த மாடு எது, ஊசி போட்ட மாடு எதுன்னு தெரியாம திண்டாடினாங்க. இந்த ஊசி இந்த டெஸ்ட்ல காட்டாது. அப்படிக் காட்டக் கூடாதுன்னுதானே இதையே செஞ்சாங்க."

ஆபீசர் கதவைச் சாத்தச் சொன்னார். கதவைச் சாத்தி என்ன பிரயோஜனம். மத்தியானம் மேலிடத்துக்கு டிரங்க் கால் போட்டார். அந்தக் காலத்து டிரங்க் கால் என்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும், கொட்டகையில் ஆடு திரும்பிப் பார்க்கும். கத்தினார்.

"ஒரு ஆடு அபார்ஷன் ஆயிருக்கு சார். இல்ல, இல்ல. சலைன் குரூப் சார். உப்புத்தண்ணி போட்ட ஆடு. நம்ம வேக்சினுக்கு ஒண்ணும் இல்ல சார்."

துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலையில் அந்த ஆடு மருந்து போட்ட ஆடு. மத்தியானம் அதே ஆடு உப்புத்தண்ணீர் ஆடு. மாதம்மாவிடம் சொன்னது அவள் வாயை அடைக்க. மேலே சொன்னது மருந்தின் பேரைக் காக்க. உண்மை என்னவென்றால் அது எந்த ஆடு என்று அவருக்கும் தெரியாது, பாய்க்கும் தெரியாது, யாருக்கும் இனித் தெரியப்போவதில்லை. தெரியாது என்கிற ஒரு சொல்லை மட்டும் அந்த மனுஷனால் சொல்ல முடியவில்லை. எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு, நிலையத்து விஷயம் கேட்டைத் தாண்டக் கூடாது என்றார்.

பங்குனி வெயில் தொடங்கினபோது மாதம்மாவைப் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தாள். மெடிக்கலில் மாத்திரை வாங்க வந்தேன் என்றாள்.

"என்னடி ஆச்சு?"

"சாயங்காலமானா குளிர் வருது யக்கா. விடியறப்ப சேலை புழிஞ்சா தண்ணி. இடுப்பு விட்டுப்போச்சு. மாசமா இருக்கறதால வர்றதுங்கறாங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா."

"எதுக்கு? அந்த நோவுதான் இல்லியே. ஊசி போட்ட ஆடுன்னு சாரே சொல்லிட்டாரு."

அவளை அங்கேயே உட்காரவைத்துவிட்டு நிலையத்துக்கு ஓடிப்போய்ப் பாயிடம் சொன்னேன். அவர் முகம் சுண்டிவிட்டது.

"நான் மனுசங்க ரத்தத்தைத் தொட முடியாது யக்கா, அதுக்கு எனக்கு உரிமை இல்ல. பொம்பளைங்க வார்டுல என்னை விடவும் மாட்டாங்க. நீ தர்மபுரிக்கு இட்டுக்கினு போ. டாக்டர் கேட்டா இந்த நோய்ப் பேரைச் சொல்லு. கேக்காட்டியும் சொல்லு. வேலை போனாலும் போவும், அதையும் யோசிச்சுக்க."

"போனா என்ன செய்யறது?"

"எங்க கடைல துணி மடிக்க ஆள் வேணும். சம்பளம் மட்டும் கேக்காத."

பஸ் முழுக்க அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டே போனேன். மாதம்மா என் தோளில் சாய்ந்திருந்தாள். "என்ன யக்கா, மந்திரமா?" என்று கேட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா கெட்டிக்காரி. இதை நான் சொல்லியாக வேண்டும். நாடி பார்த்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, ஊர் எது என்று கேட்டதும் அடுத்த கேள்வியே, "வூட்டுல ஆடு மாடு உண்டா? ஏதாவது கரு கலைஞ்சுதா?" என்பதுதான்.

"ஒண்ணு வீசிச்சுங்க. ஆனா அது ஊசி போட்ட ஆடு. அந்த நோவு வராதுன்னு ஆபீசரே சொன்னாருங்க" என்றாள் மாதம்மா.

"ஓ. அப்ப அது இல்ல" என்று டாக்டரம்மா சீட்டில் வேறு ஏதோ எழுதப் போனார். பின்னால் வரிசை நிற்கிறது. அடுத்த ஆளை நர்ஸ் கூப்பிட்டுவிட்டாள்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் நன்றாக யோசித்துப் பார்க்க வேண்டும். வராந்தாவில் ஒருவர் தன் சௌகரியத்துக்காகச் சொன்ன ஒரு வார்த்தை, காட்டு வழியில் நடந்து, பஸ் ஏறி, தர்மபுரி ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து, சரியாகக் கேள்வி கேட்ட ஒரு டாக்டரின் கையைத் தட்டிவிட்டது. மாதம்மா பொய் சொல்லவில்லை. டாக்டரம்மா தப்புச் செய்யவில்லை. ஆனாலும் தப்பு நடந்துகொண்டிருந்தது, என் கண் முன்னால்.

மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, அது ஊசி போட்ட ஆடான்னு யாருக்கும் தெரியாதுங்க."

"நீ யாரு?"

"அந்த ஆபீஸ்ல கொட்டகை கூட்டறவங்க. கயிறு மாறிப்போச்சுங்க. ஆட்டு ரத்தம் பாத்தாங்க, நோவு இருக்குதுங்க." அப்புறம் அந்தப் பேரைச் சொன்னேன். பாதி முழுங்கிவிட்டேன், ஆனால் அவருக்குப் புரிந்தது.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். மாதம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

ரத்தம் எடுத்தார்கள். அதே நோய்தான். படுக்க வைத்து மருந்து தொடங்கினார்கள். காய்ச்சல் இறங்கியது. பிள்ளை தங்கவில்லை. ஏழாம் மாசம் தொடங்கும் முன்னால் போய்விட்டது. பெண்குழந்தை. இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டரம்மா என்னிடம் சொன்னார். உறுதியாகச் சொல்லவில்லை, பார்த்திருக்கலாம் என்றுதான் சொன்னார். அந்த வார்த்தையை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

நிலையத்துக்குத் திரும்பினேன். "நாளையிலேருந்து வராத" என்றார் ஆபீசர். ஆனால் டாக்டரம்மா சும்மா இருக்கவில்லை போலிருக்கிறது. மேலிடத்தில் இருந்து பெரிய விஞ்ஞானி ஒருவர் கார் போட்டுக்கொண்டு வந்தார். அந்த ஊசியையே உண்டாக்கினவர்களில் ஒருவர். என்னையும் ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். மாதம்மாவும் வந்திருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை, கார் போவதைப் பார்த்துவிட்டு அவளே நடந்து வந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் படியேறினாள்.

பெரியவர் ஆபீசர் ரூமில் உட்கார்ந்து பாயிடம் எல்லாம் கேட்டார். பாய் கயிறு மாறியதில் தொடங்கி ஒன்றையும் விடாமல் சொன்னார். ஆபீசர் நடுவில் இரண்டு தடவை, "இந்த ஜனங்களை வெச்சுக்கிட்டு டிரையல் பண்ண முடியாது சார். கயிறைக்கூடக் காப்பாத்தத் தெரியாது" என்றார்.

"பொங்கல் வரும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றார் பெரியவர்.

உங்களில் சிலர் ஆபீசராக வருவீர்கள். எனக்கு அந்த மருந்தின் மேல் கோபம் கிடையாது. நல்ல மருந்து, நல்ல யோசனை. அதற்கு ஒரு கெட்ட பேர் வந்துவிடுமோ என்று பயந்து, அந்தப் பயத்தை ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் தலையில் கூடையாக ஏற்றி அனுப்பினார்களே, அதன் மேல்தான் கோபம். அந்த ஆபீசர் வேறு ஊருக்கு மாறிப்போனார். பதவி உயர்வோடு போனார் என்று கேள்விப்பட்டேன். என்னைத் திரும்ப வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். பென்னாகரத்துப் பரீட்சையை அடியோடு ரத்து செய்து, வேறிடத்தில், பாதிக்கு உப்புத்தண்ணீர் என்று முதலிலேயே சொல்லி, புதிதாகத் தொடங்கினார்கள். சொன்ன பிறகும் ஜனங்கள் ஆடு தந்தார்கள்.

பெரியவர் வந்த அன்றைக்கு நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

மாதம்மா பெரியவர் முன்னால் போய் நின்றாள். கும்பிடவில்லை.

"என் வெள்ளைக்காதுக்குப் போட்டது மருந்தா, உப்புத்தண்ணியா? நீங்களாவது சொல்லுங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஆபீசரைப் பார்க்கவில்லை, பாயையும் பார்க்கவில்லை.

"தெரியாதும்மா" என்றார்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கத்தவும் இல்லை. கணக்குப் பாடத்தில் ஒரு சின்ன இடம் புரியாதவள் மாதிரி அவர் முகத்தையே பார்த்தாள்.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா, நான் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பனே" என்றாள்.

அந்த ரூமில் படித்தவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஆபீசர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் எடுத்துவந்து நீட்டினேன்.

அவள் சொம்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நானும் அந்த ஆபீஸ் ஆள்தானே. வாங்கவில்லை. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, இறங்கிப் போனாள்.